19 லட்சம் மின்னஞ்சல் ஏன் தோற்றது? இணையப் பிரச்சாரம் அரசின் முடிவை மாற்றும் விதம்

கேள்வி இதுதான்: ஹேஷ்டேக், ஆன்லைன் கையெழுத்து, மின்னஞ்சல் இயக்கம் இவற்றால் அரசின் முடிவு உண்மையில் மாறுமா? மாறும் என்றால் எப்படிச் செய்ய வேண்டும்?

மாறும். இந்தியாவிலேயே மாறியிருக்கிறது. ஆனால் ஆள் கூட்டிவிட்டால் போதும் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்) முதலிடத்தில் ஓடும் ஹேஷ்டேகுக்குப் பதில் சொல்லும் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை. சட்டப்படி பதில் சொல்லியே தீர வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு, அது கேட்ட கேள்விக்கு, அது குறித்த தேதிக்குள் போய்ச் சேரும் தகவலுக்குத்தான் பலம். கூட்டம் அந்தத் தகவலுக்குக் காவல் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது 2015–16இல் நடந்த இணையச் சமத்துவப் போராட்டம், அதாவது எல்லா இணையதளங்களையும் தொலைபேசி நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற போராட்டம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அடுத்து 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 118 பக்கக் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதில் 20 கேள்விகள். கருத்துச் சொல்லக் கடைசி நாள் ஏப்ரல் 24, பிறர் கருத்துக்கு மறுப்புச் சொல்ல மே 8. இதெல்லாம் வழக்கமாகத் தொலைபேசி நிறுவனங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும் மட்டுமே படித்துப் பதில் எழுதும் காகிதம். பொதுமக்கள் கண்ணில் படாமலே முடிந்துபோகும்.

இந்த முறை வழக்கறிஞர்கள், மென்பொருள் ஆட்கள், பத்திரிகையாளர்கள் சேர்ந்து சேவ் தி இன்டர்நெட் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த வேலையைப் பிரித்துப் பார்த்தால் மூன்றுதான். 118 பக்கத்தைச் சாதாரண ஆள் படிக்கும்படி சுருக்கினார்கள். 20 கேள்விக்கும் வரிசை எண் போட்டு மாதிரிப் பதில் எழுதினார்கள். அந்தப் பதில் அனுப்புகிறவரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கும்படி ஒரு பொத்தான் வைத்தார்கள். அதற்கிடையில் ஏப்ரல் 6 அன்று, நிறுவனங்கள் பணம் கட்டினால் அவற்றின் செயலியை வாடிக்கையாளர் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற ‘ஏர்டெல் ஜீரோ’ திட்டம் வந்தது. மக்கள் கோபம் அதன்மேல் திரும்பியது. ஏப்ரல் 14 அன்று ஃபிளிப்கார்ட் அந்தத் திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. கடைசி நாளுக்குள் டிராய்க்குப் போன மின்னஞ்சல்கள் 10 லட்சத்தைத் தாண்டின.

சொந்த மின்னஞ்சலில் திறப்பது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். முக்கியமானது அதுதான். ஒரே சர்வரிலிருந்து லட்சம் கடிதம் போனால் அது ஸ்பேமாக ஒதுங்கும், அல்லது ‘ஒரே அமைப்பு அனுப்பியது’ என்று ஒரே கருத்தாக எண்ணப்படும். குடிமகனின் சொந்த முகவரியிலிருந்து, அவர் விரும்பினால் திருத்தி அனுப்பினால், அது தனிக் கருத்து. அனுப்பியதற்கான நகலும் அவரிடமே இருக்கும்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் வரும், பலரும் கவனிப்பதில்லை. தொட்டதும் மெயில் செயலியைத் திறக்கும் ‘மெயில்டூ’ (mailto) வகை இணைப்பில் கடிதம் முழுவதையும் அடைத்துவிடலாம்தான். ஆனால் சுமார் 2,000 எழுத்துக்கு மேல் போனால் பல உலாவிகளும் மெயில் செயலிகளும் பாதியில் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் அது இரண்டு மூன்று பத்திக்குப் போதும். தமிழில் ஒரு யூனிகோடு குறி மூன்று பைட். இணைப்புக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ‘க’வுக்கு 9 இடம், ‘கி’ என்றால் இகரக் குறியோடு சேர்த்து 18 இடம். 2,000 இடத்தில் ஐந்தாறு வாக்கியம்கூடத் தேறாது. அதற்கு மேல் உள்ளது காணாமல் போகும், அனுப்புகிறவருக்கும் தெரியாது. எனவே தமிழ்ப் பிரச்சாரத் தளத்தில் முகவரியையும் தலைப்பையும் மட்டும் இணைப்பில் வையுங்கள். கடித உடலுக்கு ‘நகலெடு’ பொத்தான் தனியாகக் கொடுங்கள். வெளியிடும் முன் ஒரு மலிவு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த 19 லட்சத்துக்கு வருவோம். டிராய் 2015 டிசம்பர் 9 அன்று இரண்டாவது கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. இம்முறை நாலே கேள்வி: வெவ்வேறு இணையதளங்களுக்கு வெவ்வேறு டேட்டா கட்டணம் வசூலிக்க அனுமதிக்கலாமா; அனுமதித்தால் பாரபட்சம் வராமல் தடுப்பது எப்படி; இலவச இணையம் தர வேறு வழி உண்டா; வேறு ஏதும் சொல்ல வேண்டுமா. ஃபேஸ்புக் அப்போது ஃப்ரீ பேசிக்ஸ் என்ற பெயரில், தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. தன் பயனர்களின் திரையிலேயே ‘டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பு’ என்று பொத்தான் வைத்தது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. டிராய்க்கு வந்த கருத்துகள் சுமார் 24 லட்சம். அதில் கிட்டத்தட்ட 19 லட்சம் ஃபேஸ்புக் வழியாக வந்தவை. சேவ் தி இன்டர்நெட் வழியாக வந்தவை 5 லட்சத்துக்கும் குறைவு.

எண்ணிக்கைதான் தீர்ப்பு என்றால் ஃபேஸ்புக் வென்றிருக்க வேண்டும். ஆனால் அந்த 19 லட்சம் கடிதங்களும் ‘நான் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்’ என்றன. கேட்ட நாலு கேள்வியில் ஒன்றுக்கும் நேரடிப் பதில் அவற்றில் இல்லை. ஃப்ரீ பேசிக்ஸ் வேண்டுமா என்று டிராய் கேட்கவே இல்லையே. கேள்விகளுக்குப் பதில் வாங்கி அனுப்புங்கள் என்று டிராய் ஃபேஸ்புக்குக்கு எழுதியது. 2016 ஜனவரியில் அனுப்பிய கடிதத்தில், ஆலோசனை நடைமுறையை ஒருங்கிணைத்து நடத்தப்பட்ட பெரும்பான்மை வாக்கெடுப்பாகச் சுருக்குகிறீர்கள் என்று கடுமையாகவே சொன்னது.

எதிர்த்தரப்பு மூன்றாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான் என் பார்வையில் ஆட்டத்தை மாற்றியது. ‘ஏழைகளுக்கு இலவச இணையம் வேண்டாமா?’ என்பது ஃபேஸ்புக்கின் வலுவான வாதம். ‘வேண்டும், ஆனால் எந்தத் தளத்துக்கும் பயன்படும்படி குறிப்பிட்ட அளவு டேட்டாவை இலவசமாகக் கொடு, அல்லது வேகத்தைக் குறைத்து முழு இணையத்தையும் திறந்துவிடு’ என்று மாற்று வழிகளை எழுதிக் கொடுத்தார்கள். ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தேவைப்பட்டது அதுதான்: தடை செய்தாலும் ஏழைகளுக்குக் கெட்டவர் ஆகாமல் இருக்க ஒரு வழி. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பாரபட்சமான டேட்டா கட்டணத்தைத் தடை செய்து ஒழுங்குமுறை வெளியிட்டது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். மூன்று நாளில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்தியது.

டிராய் ஏன் பதில் சொல்லக் கட்டுப்பட்டது? டிராய் சட்டம் 1997இன் 11(4) பிரிவு, ஆணையம் வெளிப்படைத்தன்மையோடு செயல்பட வேண்டும் என்கிறது. அதன் கூர்மை 2016 மே மாதம் தெரிந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் தர வேண்டும் என்று டிராய் போட்ட ஒழுங்குமுறையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வந்த கருத்துகளை ஏன் ஏற்கவில்லை என்பதற்குச் சரியான காரணம் சொல்லாததும் அதற்கு ஒரு காரணம். அந்த வழக்கில் வென்றது தொலைபேசி நிறுவனங்கள்தான், மக்கள் அல்ல. ஆனால் கிடைத்த விதி எல்லோருக்கும் பொது: நீங்கள் குறிப்பான, காரணத்தோடு கூடிய ஆட்சேபம் ஒன்றைக் கோப்பில் ஏற்றிவிட்டால், அதை மௌனமாகத் தாண்டிப் போவது அந்த அலுவலகத்துக்கே ஆபத்து. ‘எதிர்க்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லை மௌனமாகத் தாண்டிப் போகலாம்.

எனவே முதல் வேலை, எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பது. டிராய், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் தங்கள் சட்டப்படியே கருத்துக் கேட்கும். சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வரும் வரைவு அறிவிக்கை என்றால், 1986ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிதழில் வந்ததிலிருந்து 60 நாள். மத்திய அமைச்சகங்களின் சட்ட வரைவு என்றால், 2014ஆம் ஆண்டுக் கொள்கை குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்கச் சொல்கிறது. ஆனால் இது வெறும் நிர்வாகக் கொள்கை, மீறினால் நீதிமன்றத்தில் பிடிப்பது கடினம். எங்கே சட்டக் கடமை இருக்கிறதோ அங்கேதான் இணையத்தின் கூட்டம் வேலைக்காகும். அமைச்சரின் எக்ஸ் கணக்கை டேக் செய்வதற்குச் செலவிடும் ஒரு மணி நேரத்தில், அரசிதழைத் தேடிப் பிடித்து முகவரி, கடைசி நாள், பத்தி எண்கள் மூன்றையும் ஒரே படத்தில் போட்டுவிடலாம்.

கருத்து எழுதுவது எப்படி என்பதற்கு 2020ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது இஐஏ 2020, நல்ல உதாரணம். ‘இஐஏவைத் திரும்பப் பெறு’ என்று எழுதினால் ஓர் எண்ணிக்கை மட்டும் கூடும். இப்படி எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்: “2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் பொது விசாரணைக்கு 30 நாள் முன்னறிவிப்பு. வரைவில் இது 20 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில் உள்ளது. பாதிக்கப்படும் கிராமத்துக்குச் சுருக்கம் மட்டுமே உள்ளூர் மொழியில் கிடைக்கும். அதைப் படித்து, கிராமசபையில் பேசி, கருத்துத் தயாரிக்க 20 நாள் போதாது. 20 என்பதை 30 என்றே வைக்க வேண்டும். முழு அறிக்கையையும் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று சேர்க்க வேண்டும்.” எந்த விதி, பழையது என்ன, புதியது என்ன, யாருக்கு என்ன பாதிப்பு, மாற்று வாசகம் என்ன. இந்த ஐந்தும் ஒரு பத்தியில் அடங்கும். ஒரு கடிதத்தில் இரண்டு மூன்று விதி போதும். இருபதைத் தொட்டால் படிக்கிறவர் இரண்டைக்கூட எடுக்க மாட்டார்.

மாதிரிக் கடிதம் தரலாமா கூடாதா என்று கேட்பார்கள். தரலாம். அதில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு ‘உங்கள் ஊர், தொழில், உங்களுக்கு என்ன ஆகும்’ என்று எழுதச் சொல்லுங்கள். மீனவர், கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கும் விவசாயி, மருத்துவர் எழுதும் அந்த நாலு வரி, அமைச்சகத்திடம் இல்லாத தகவல். மற்றதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதே இஐஏ விஷயத்தில் மொழி எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதும் வெளிப்பட்டது. வரைவு 2020 மார்ச் 23 தேதியிட்டது. அடுத்த இரண்டே நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 11இல் அரசிதழில் வந்தபோது ஆங்கிலமும் இந்தியும் மட்டும். இந்தியா முழுவதையும் பாதிக்கும் விதிகளைத் தமிழ், மலையாள, ஒடியா கிராமங்கள் எந்த மொழியில் படிப்பது? டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. இதற்கிடையே தன்னார்வலர்கள் முக்கியப் பகுதிகளைத் தமிழில் கொண்டுவந்து, வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் விளக்கினார்கள். தமிழ்நாட்டில் அது வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதனால்தான். லட்சக்கணக்கான கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவில்லை. (அதன் சில அம்சங்கள் பிறகு அலுவலகக் குறிப்பாணைகள் வழியாகத் துண்டு துண்டாக நுழைந்தன என்பது வேறு போராட்டம். முன்வாசலை மூடினால் பக்கவாசலையும் கண்காணிக்க வேண்டும்.)

என்னென்ன தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர் இந்தியா என்ற இளைஞர் அமைப்பின் தளம் முடக்கப்பட்டது. சுற்றுச்சூழல் அமைச்சரின் மின்னஞ்சலுக்கு ஒரே மாதிரித் தலைப்பில் ஏராளமான கடிதங்கள் வருகின்றன என்ற புகாரின் பேரில் டெல்லி காவல்துறை அனுப்பிய நோட்டீஸில் முதலில் உபா சட்டமே இருந்தது. பிறகு அது தவறு என்று சொல்லித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு மாற்றினார்கள். கருத்துச் சொன்னதற்குப் பயங்கரவாதச் சட்டம் என்பது அக்கிரமம், அதில் சந்தேகமே இல்லை. அடுத்த முறை இறங்குகிறவர்கள் முன்கூட்டியே சில வேலைகளைச் செய்துவைக்கலாம். அரசிதழில் கருத்துக்கென்று கொடுத்த முகவரிக்கு மட்டும் அனுப்பச் செய்யுங்கள். அமைச்சரின் சொந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். தலைப்பு வரிகள் எட்டுப் பத்து வைத்து மாறி மாறி வரும்படி செய்யுங்கள். தளம் முடங்கினாலும் உள்ளடக்கம் கிடைக்கும்படி பிடிஎஃப் ஒன்றை வேறு இரண்டு இடத்தில் ஏற்றி வையுங்கள்.

இன்னொரு விபத்து 2015இல் நடந்தது. ஏப்ரல் 27 அன்று டிராய், வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரியோடு அப்படியே இணையத்தில் போட்டுவிட்டது. கருத்துக் கேட்பில் வெளிப்படைத்தன்மை வழக்கம்தான், ஆனால் ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கு அது கொத்தாகக் கிடைத்த பட்டியல். ஆகவே பிரச்சாரத்துக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடிதத்தில் பெயரும் ஊரும் போதும். கைபேசி எண், வீட்டு முகவரி, ஆதார் எதுவும் வேண்டாம். நீங்கள் கையெழுத்து வாங்கும் தளம் நடத்தினாலும் இதேதான்: தேவையில்லாத தகவலைக் கேட்காதீர்கள். கேட்காத தகவல் கசியாது.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சுருக்கமாக. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. நீளமான செய்தியை ஃபார்வர்டு செய்யச் சொல்வதைவிட, ஒரு பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தன் சொல்லில் ஒரு வரி சேர்த்துப் புதிதாக அனுப்பச் சொல்வது மேல். கடைசி நாள் மாறினாலும் அந்தப் பக்கத்தைத் திருத்தினால் போதும். ஃபார்வர்டு ஆன பழைய தேதியை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

இதுவரை சொன்னது அரசுக்குத் தகவல் கொடுப்பது. அரசிடமிருந்து தகவலைப் பிடுங்கிப் பொதுவில் வைப்பது இன்னும் பலமான வேலை. ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரம் அதற்குச் சமீபத்திய சாட்சி.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்து, வாங்கியவர் விவரத்தை மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்டது. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14இல் ஆணையத் தளத்தில் இரண்டு பிடிஎஃப் வந்தன. ஒன்றில் வாங்கியவர், தேதி, தொகை. மற்றதில் கட்சி, தேதி, தொகை. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இணைக்க எந்த எண்ணும் இல்லை. தேதியையும் தொகையையும் வைத்து இணைப்பது வெறும் ஊகம்: பத்திரம் 15 நாள் செல்லும், ஒரே விற்பனைச் சுற்றில் ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள பத்திரங்களே நூற்றுக்கணக்கில் இருக்கும்.

எண் இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? பத்திரிகையாளர் பூனம் அகர்வால் 2018இலேயே 1,000 ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் சோதித்து, புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வரிசை எண் இருப்பதை வெளியிட்டிருந்தார். அது வெறும் பாதுகாப்பு அம்சம் என்றது அரசு. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா ஆண்டுக்கணக்கில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு, பத்திர விற்பனை விவரங்களையும் திட்டம் உருவான கோப்புகளையும் வெளியே கொண்டுவந்திருந்தார். இந்தச் சின்னச் சின்னத் தகவல்கள் முன்பே பொதுவெளியில் கிடந்ததால்தான், எண் இல்லாத பட்டியல் அரைகுறை என்று உடனே சொல்ல முடிந்தது. மார்ச் 18 அன்று நீதிமன்றம் எண்களையும் வெளியிடச் சொன்னது. மார்ச் 21இல் வந்தன. அன்று இரவே பல செய்தி நிறுவனங்களும் தன்னார்வலர்களும் இரண்டு பட்டியலையும் இணைத்து முடித்தார்கள்.

அந்த இணைப்பில் நடந்த தவறுகளைத் தெரிந்துகொண்டால் எந்த அரசுத் தரவுக்கும் உதவும். பிடிஎஃபிலிருந்து அட்டவணையை எடுக்க டபுலா போன்ற இலவசக் கருவி போதும். எடுத்ததும் முதலில் வரிசைகளை எண்ணுங்கள். வங்கியின் பிரமாணப் பத்திரப்படி வாங்கியவை 18,871, பணமாக்கியவை 20,421. உங்களிடம் ஒன்று குறைந்தாலும் ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கிறது. தொகைகள் ‘10,00,000’ என்று இந்தியக் காற்புள்ளியோடு இருக்கும். எக்செல் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்தால் கூட்டுத்தொகை பூஜ்யம் வரும். காற்புள்ளியை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

பெரிய பொறி, பத்திர எண். எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் தவறான கட்சிக்குத் தவறான நிறுவனம் போய்ச் சேரும். ஒவ்வொரு மதிப்புக்கும் தனி முன்னொட்டு உண்டு: ஒரு கோடிக்கு ‘ஓசி’, பத்து லட்சத்துக்கு ‘டிஎல்’, ஒரு லட்சத்துக்கு ‘ஓஎல்’, பத்தாயிரத்துக்கு ‘டிடி’, ஆயிரத்துக்கு ‘ஓடி’. ஒரே எண் இரண்டு முன்னொட்டிலும் வரலாம். இரண்டையும் சேர்த்த ஒற்றைச் சாவியில்தான் இணைக்க வேண்டும். இணைத்த பிறகு, இரு பக்கத் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்தால் பிழை தானே வெளிப்படும்.

இணையாத வரிசைகள் வந்தால் பதற வேண்டாம். வெளியிடப்பட்ட தரவு 2019 ஏப்ரல் 12 முதல்தான். அதற்கு முன் வாங்கி, பின் பணமாக்கிய பத்திரங்களுக்கு வாங்கியவர் பெயர் இல்லை. 20,421இல் 18,871ஐக் கழித்தாலே குறைந்தது 1,550 பத்திரம் அநாதையாக நிற்க வேண்டும். எல்லாம் கச்சிதமாக இணைந்துவிட்டது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நிறுவனப் பெயர் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ‘லிமிடெட்’, ‘லிட்’, நடுவில் இடைவெளி விழுந்தது, இடமில்லாமல் ‘பிஆர்’ என்று பாதியில் நின்றது எல்லாம் உண்டு. மூலப் பெயர் உள்ள நெடுவரிசையைத் தொடாமல் பக்கத்தில் சுத்தம் செய்த பெயருக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் இருந்த, கோவையைச் சேர்ந்த ஃப்யூச்சர் கேமிங் நிறுவனத்தின் முழுத் தொகை இப்படிச் சேர்த்தால்தான் கிடைக்கும். சரிபார்க்க வேறு ஆதாரமும் இருந்தது: திமுக தான் பத்திரம் வழியாகப் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த நிறுவனத்திடமிருந்து வந்தது என்று தேர்தல் ஆணையத்திடம் தானே தெரிவித்திருந்தது. உங்கள் அட்டவணையில் அந்தத் தொகைக்கு மிக விலகி ஏதாவது வந்தால், முதலில் உங்கள் இணைப்பைத்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் அரசு அதிகாரிகளின் சோதனை நடந்தது, பிறகு பத்திரம் வாங்கினார்கள், பிறகு ஒப்பந்தம் கிடைத்தது என்ற கால வரிசையைத் தரவு காட்டும். அதனால்தான் இது நடந்தது என்று தரவு சொல்லாது. ‘இந்தத் தேதியில் இது, அந்தத் தேதியில் அது’ என்று மட்டும் எழுதுங்கள். அதுவே போதுமான கேள்வியை எழுப்பும், அவதூறு வழக்குக்கும் இடம் தராது. தனிநபர் பெயர் ஒத்துப்போவதை வைத்து ஆளை அடையாளம் காட்டவே கூடாது.

ஆர்டிஐ மனு மத்திய அலுவலகங்களுக்கு ஆன்லைனிலேயே போடலாம். கட்டணம் 10 ரூபாய், மனு 3,000 எழுத்துக்குள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது. ‘ஏன் செய்தீர்கள்?’ என்று கேட்டால் ‘விளக்கம் தகவல் ஆகாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘இந்த எண் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று கேளுங்கள். காரணம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று மறுப்பதை எளிதாக்கிவிட்டது. அது இந்தச் சட்டத்தின்மேல் விழுந்த பலத்த அடி. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. எந்தப் பொதுநலன் என்பதை மனுவிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

கிடைத்த எதையும் அன்றே பாதுகாக்க வேண்டும். அரசுத் தளத்தில் இருந்த பிடிஎஃப் ஒருநாள் காணாமல் போகும், அல்லது அதே பெயரில் உள்ளடக்கம் மாறும். இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ‘சேவ் பேஜ் நவ்’ கொடுத்து வையுங்கள். கோப்பை இறக்கியவுடன் அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்; உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் இது மாறிவிடும்) கணக்கிட்டு தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் படிவத்திலேயே இந்த ஹேஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் வெறும் ஸ்கிரீன்ஷாட் அங்கே நிற்காது.

கருத்துக் கேட்பு முடிந்தபின் பெரும்பாலான இயக்கங்கள் கலைந்துவிடுகின்றன. அப்போதுதான் ஒரு மனு போட வேண்டும்: மொத்தம் எத்தனை கருத்து வந்தது, அவற்றைத் தொகுத்த அட்டவணை, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எதிரே அலுவலகம் எழுதிய குறிப்பு, அதை ஒப்புதல் அளித்த கோப்பு, இந்த நான்கின் நகல். அட்டவணையில் உங்கள் ஆட்சேபத்துக்கு எதிரே காரணம் எழுதாமல் விட்டிருந்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணம் அதுவே.